நாலாவது முதல் எபிசோட்

ஹெலனின் போனில் உலை வீடியோ திறக்கவே இல்லை. திரை நடுவே ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"இன்னாயா இது, ராட்டினமா?" என்றாள்.

சாம்சன் போனை வாங்கித் தட்டிப் பார்த்தான். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் உருக்காலையின் உலைக்கு முன்னால் நிற்பவன் அவன். அந்த வேலையை விட்டுவிட்டு, காக்களூரில் தன் அண்ணன் பென்னி நடத்தும் பிளாஸ்டிக் நாற்காலி கம்பெனிக்கு மேஸ்திரியாகப் போகச் சொல்லி அவன் மனைவி ஹெலன் ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைக்குள் பென்னிக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

உருகிய இரும்பு ராட்சத வாளிக்குள் இறங்குவதை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் அவள் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டாள் என்று சாம்சன் நம்பினான். இத்தனை வருஷம் பார்த்தும் அந்த நேரத்தில் அவனுக்கே வாயடைத்துப்போகும். ஆனால் குடும்பத்தாரை உள்ளே விட மாட்டார்கள். போனையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

வழி தானாக வந்தது. தொழிலாளர் குடும்பங்களுக்கென்று ஆலை ஒரு வீடியோ பாட்காஸ்ட் ஆரம்பித்தது. ஊரே பார்க்கிற மாதிரி போடக்கூடாது, குடும்பத்தார் போனுக்கு மட்டும் ஃபீடாக, ஏற்றியதும் தானே இறங்கும்படி, போய்ச் சேர வேண்டும் என்று உத்தரவு. சர்ச் பிரசங்கத்தை அப்படி ஏற்றிப் பழகியவன் சாம்சன் என்பதால், அதிகாரி நந்தினி கேமராவை அவன் கையில் கொடுத்துவிட்டார். அவன் அதை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு உலைக்குப் போனான். அதுதான் முதல் எபிசோட்.

பிரசங்கத்துக்குக் குரல் மட்டும் போதும். வீடியோ வேறு சங்கதி. கேமரா தந்த பூதாகரமான எம்ஓவி கோப்பை அப்படியே ஏற்றியதால் வந்த வினைதான் ராட்டினம். எளாவூரில் கூட்டாளி லோகுவின் மாமியார் போன் நிரம்பி வழிந்து, அலாரம்கூட அடிக்காமல் படுத்துவிட்டதாம்.

சாம்சன் அதை எம்பி4 ஆக மாற்ற உட்கார்ந்தான். எப்படிச் சுருக்க, பழைய முறையிலா புதிய முறையிலா என்று லேப்டாப் கேட்டது. புதியதென்றால் பாதி இடம் போதுமாம். கூரை உயர நெருப்பு சட்டைப் பைக்குள் போகும் அளவுக்குச் சுருங்குவதை, நற்கருணைக்கு நிற்பவன்போலக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹெலனின் பழைய போனுக்குப் புதிய முறை பிடிபடவில்லை. திரை கறுப்பு. சத்தம் மட்டும் வந்தது. அவள் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டாள்.

"கடலாட்டம் கீது. நாள் முச்சூடும் இப்டித்தான் கேக்குமா?"

"காதுல பஞ்சு வச்சிக்கினா பழகிடும்."

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். பயந்துவிட்டாள் என்று அவனுக்குத் தோன்றியது.

மறுநாள் பழைய முறையிலேயே, ஆத்திரத்தில் அளவைக் கண்டபடி குறைத்து ஏற்றினான். படம் வந்தது, கட்டம் கட்டமாக.

"யாரோ கேசரிய வெட்டிக் கொட்டுறாங்க" என்றாள் ஹெலன்.

இதற்குள் அவன் ஏற்றிய ஒவ்வொன்றும் புது எபிசோடாக எல்லா வீட்டுக்கும் போய் இறங்கியிருந்தது. ரெண்டாவது எபிசோட் எப்போது வரும் என்று நந்தினி கேட்டார்.

"முதல் எபிசோட் முடிஞ்சதும் மேடம்."

வெள்ளிக்கிழமை, பழைய முறையில், போன் திரைக்குப் பொருந்தும் அளவில் நாலாவது முறையாக ஏற்றினான். திறந்தது.

உலை மெல்லச் சாய்ந்தது. வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு வெளிச்சம், தண்ணீரைப்போல வளைந்து வாளிக்குள் இறங்கியது. பொறிகள் கூரை வரை எழும்பி, அவசரமே இல்லாமல் உதிர்ந்தன. ஹெலனின் கையிலிருந்த கரண்டியிலிருந்து சாம்பார் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் கவனிக்கவில்லை. மறுபடி ஓடவிட்டாள். மறுபடியும்.

"இதுல நீ எங்கயா நிக்கிற?"

நெருப்புக்குப் பக்கத்தில் தீக்குச்சி உயரத்தில் தெரிந்த ஆளைக் காட்டினான்.

"அவ்ளோ கிட்டயா? கோட்டு, ஷூவெல்லாம் கம்பெனியே குட்துருமா?"

"குட்துரும்."

"பழக எவ்ளோ நாளாவும்?"

"ஆறு மாசம்" என்று சொன்ன பிறகுதான், அவள் ஆபத்தை அளந்துகொண்டிருக்கிறாள், தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம் என்பது அவனுக்கு உறைத்தது. கேசரியோடு நிறுத்தியிருக்கலாம். படம் தெளியத் தெளிய அல்லவா அவன் வேலை போகிறது. ஹெலன் விரல்விட்டு ஏதோ மாதக் கணக்குப் போட்டாள். அதுதான் இன்னும் கிலியாக இருந்தது.

சனிக்கிழமை மீன் வாங்கிக்கொண்டு திரும்பியபோது மகள் ஏஞ்சலின் மட்டும்தான் வீட்டில் இருந்தாள்.

"அம்மா உன் கம்பெனிக்குப் போய்க்கிது. சர்ச்சுக்குக் கட்ற பொடவய கட்டிக்கினு போச்சு."

மீன் பையோடு சாம்சன் வண்டியை முறுக்கினான். தன் ராஜினாமாவைத் தன் மனைவியே கொடுத்துக்கொண்டிருக்கிற காட்சி வழியெல்லாம் ஓடியது, கட்டம் எதுவுமில்லாமல், படு தெளிவாக.

ஆலை வாசலில் வாட்ச்மேன் குப்புராஜ் எழுந்து நின்றார். ஹெலன் அரை மணி நேரம் நந்தினி மேடத்தோடு பேசிவிட்டு இப்போதுதான் போனாளாம்.

"என்னிய வேலய உட்டு நிறுத்தச் சொல்லிட்டாளா அண்ணே?"

"உன் பேச்சே வரல நைனா" என்றார் குப்புராஜ். "அந்த நெருப்பாண்ட நிக்கிறதுக்குப் பொம்பளைங்கள எடுப்பீங்களான்னு கேட்டுக்கினு இருந்துச்சு."