அப்பாவுக்குக் கொடிக்கம்பம்

ஹா லாம் வாய் கிராமம்,
சேவல் வருஷம், கல்லறைக் கும்பிடுக்கு முந்தின வாரம்.

லிவர்பூல் பட்டணத்தில் வெள்ளைக்காரர்களின் சட்டைக் காலருக்குக் கஞ்சி போட்டு நிமிர்த்தி வைக்கும் என் தம்பி லாய் கின் ஷெங்குக்கு, மூத்தவன் யுன் ஹிங் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், உன் அண்ணி, இரண்டு பன்றிகள் ஆகிய அனைவரும் முன்னோர் தயவால் சுகம். அவ்விடம் உன் சுகத்தையும் உன் இடுப்புவலியின் சுகத்தையும் விசாரிக்கிறேன். மழை பரவாயில்லை. மரியாதை முடிந்தது, இனி விஷயத்துக்கு வருகிறேன். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்.

நம் அன்னாசிச் சரிவை வெள்ளைக்காரப் பட்டாளம் எடுத்துக்கொண்டுவிட்டது. சரிவு மட்டுமில்லை, மலை உச்சி வரைக்கும். துப்பாக்கி சுட்டுப் பழக இடம் வேண்டுமாம். இத்தனை பெரிய கடல் சும்மா கிடக்க, நம் மலைதான் அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது. எனக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புல்லறுக்கப் போன இடத்தில் வெள்ளை பூசிய முளைக்குச்சிகள் வரிசையாக நட்டிருந்தன. நல்ல மரம், கேட்க நாதியில்லை, பிடுங்கி வந்து அவரைக்குப் பந்தல் போட்டேன். மறுவாரம் பெம்பர்டன் என்று ஒரு கேப்டன், க்வோக் என்ற நம்மூர்க் குமாஸ்தாவை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு, தன் குச்சிகளைத் தேடி வந்துவிட்டார். பந்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் பந்தலைப் பார்த்தார். பந்தல் கால் ஒவ்வொன்றிலும் கறுப்பு மையில் எண் எழுதியிருந்தது, நான் என்னத்தைச் சொல்ல? அவர் வாயைத் திறப்பதற்குள் நாமே முந்திக்கொள்வோம் என்று க்வோக்கைப் பிடித்தேன்.

"இது யார் மலைன்னு நெனச்சுக்கிட்டு வந்தீங்க?"

"அரசாங்க மலை, பெரியவரே. நீங்க குத்தகைக்காரர்தான்."

"அரசாங்கம் யார்கிட்ட வாங்குச்சு?"

க்வோக் தன் செருப்பைப் பார்த்தான். "பீக்கிங் பேரரசர்கிட்ட. தொண்ணூத்தொம்பது வருஷக் குத்தகை."

"அப்ப அவங்களும் என்னை மாதிரிதானே!"

பன்றிக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்த உன் அண்ணி அங்கிருந்தே குரல் கொடுத்தாள்: "குத்தகைக்கு வந்தவன் குடியிருக்கிறவனைக் காலி பண்ணச் சொல்றான். நல்லா இருக்குய்யா உங்க நியாயம்!" அதை க்வோக் என்னவென்று மொழிபெயர்த்தானோ தெரியாது, கேப்டன் அவளைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார். அன்று முழுவதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அன்னாசிக்குப் பதில் ஆற்றோரம் வேறு நிலம் தருகிறார்களாம், அது கிடக்கட்டும். மலையில் இருக்கும் உங்கள் முன்னோரையும் எடுத்துவிடுங்கள், குத்தகை இரண்டு பிள்ளைகள் பேரிலும் இருப்பதால் இருவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று ஒரு காகிதத்தை நீட்டினார் பார், அங்கேதான் தம்பி நான் மாட்டிக்கொண்டேன்.

அப்பா விஷயத்தில் நாம் இரண்டு பேரும் அடித்த கூத்தை ஊர் இன்னும் மறக்கவில்லை. புதைத்துச் சில வருஷம் கழித்து, நம் முறைப்படி தோண்டி எடுத்து, எலும்பைக் கழுவி, சாடிக்குள் உட்கார வைத்து, நல்ல இடம் அமைகிற வரைக்கும் என்று உச்சிப்பாறை ஓரத்தில் தற்காலிகமாக வைத்தோம். தற்காலிகமாக! அப்புறம் நீ கப்பலேறிப் போனாய், எனக்குப் பாதிப் பல் போனது, அப்பா மட்டும் சாடியை விட்டு எங்கேயும் போகவில்லை. யாரால்? நான் பார்த்த ஓடைக்கரை இடத்தில் இடப்பக்கம் மேடு, அது மூத்தவனுக்குத்தான் யோகம் என்று நீ குதித்தாய். நீ பார்த்த மூங்கில் தோப்பில் வலப்பக்கம் மேடு, அது இளையவனுக்குத்தான் யோகம் என்று நான் குதித்தேன். இரண்டு பக்கமும் சமமாக மேடு உள்ள இடம் இந்தப் பள்ளத்தாக்கில் ஒன்றே ஒன்று, அதில் பக்கத்து ஊர் சான் வகையறா தலைமுறை தலைமுறையாகப் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்கள். "ரெண்டு ஆம்பளைப் புள்ளையைப் பெத்து என்ன புண்ணியம், ஒரு மனுஷன் ஓரமா அடங்கக் கொடுத்து வைக்கலை" என்று உன் அண்ணி அடுப்பைப் பார்த்துச் சொல்வாள். அடுப்புக்கா சொல்கிறாள்?

சரி, மலையையே காப்பாற்றிவிட்டால் அப்பாவை நகர்த்த வேண்டாமே என்று ஒரு யோசனை வந்தது. கேப்டனிடம் போய், நீங்கள் பள்ளம் தோண்டுகிற இடம் மலைக்குள் படுத்திருக்கும் டிராகனின் கழுத்து, அதை வெட்டினால் இந்த ஊரில் ஒரு பன்றி குட்டி போடாது என்று கண்ணீர் விடாத குறையாகச் சொன்னேன். மனுஷன் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, வால் எந்தப் பக்கம், அங்கே வெட்டலாமா என்று கேட்டார். "வாலை வெட்டினா பல்லிதான் பொறுத்துக்கும்!" என்றாள் உன் அண்ணி. கடைசியில் பட்டாளச் செலவிலேயே பூசாரியை வரவழைத்து டிராகனுக்குச் சாந்தி செய்தார்கள். கேப்டனே ஊதுவத்தியைப் பிடித்துக்கொண்டு மூன்று தரம் குனிந்தார். பலிச் சேவல் கயிற்றை அறுத்துக்கொண்டு அவர் ஜீப்புக்குள் ஏறி, ஏறியதற்கு அடையாளமும் வைத்துவிட்டுப் போனது. சாந்தி ஆகிவிட்டது என்று பூசாரி வாயால் சொன்ன பிறகு நான் டிராகனைப் பற்றி எப்படிப் பேச முடியும்? என் கையைக் கொண்டே என் கண்ணைக் குத்திவிட்டார்கள்.

அதற்கு மறுநாள்தான் தம்பி, நம் குலமே தலைநிமிர்ந்த சம்பவம். சிப்பாய்கள் நாலு பேர் நெட்டையாக ஒரு வெள்ளைக் கம்பத்தை உச்சிக்குத் தூக்கிக்கொண்டு போய், வேறு இடமே இல்லாதது போல, அப்பாவின் சாடிக்குப் பக்கத்தில் நட்டு, சிவப்புக் கொடி ஏற்றினார்கள்! சுடுகிற நாளில் யாரும் வரக்கூடாது என்பதற்கு அடையாளம் என்று க்வோக் ஏதோ சொன்னான். அவன் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். கொடிக்கம்பம் யாருக்கு வைப்பார்கள்? பேரரசர் வைத்த பரீட்சையில் தேறியவனுக்கு வைப்பார்கள். சான் வகையறா தங்கள் பாட்டன் தேறிய அந்தப் பெருமையைச் சொல்லித்தானே இத்தனை காலம் நம்மை அதட்டினார்கள்? அவர்கள் வாசலில் இப்போது கம்பத்தைத் தாங்கிய கல் மட்டும்தான் நிற்கிறது, கம்பத்தைக் கரையான் தின்றாகிவிட்டது. கைநாட்டு வைக்கும்போதுகூட விரலை மாற்றி வைத்த நம் அப்பாவுக்கு, பள்ளத்தாக்கு பூராவும் தெரிகிற மாதிரி கம்பம்! சுற்றிலும் முள்வேலி, ஒரு எருமை மூத்திரம் போக முடியாது. காவலுக்கு இரண்டு சிப்பாய்கள், அவர்கள் தோளில் துப்பாக்கி. சான் வீட்டுக் கிழவன் மலையை அண்ணாந்து பார்த்துவிட்டு இரண்டு வேளை சாப்பிடவில்லை என்று கேள்வி.

இன்னொன்று. சாடிக்கு நேரே நின்று நன்றாகப் பார்த்தேன், கம்பம் சந்தேகமில்லாமல் இடப்பக்கம். இடப்பக்கம் யாருக்கு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வருத்தப்படாதே, அண்ணன் இலையில் விழுந்தால் தம்பி இலையிலும் சிந்தாமலா போகும்?

ஓடினேன் கேப்டனிடம். க்வோக் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"போன மாசம் பட்டாளம் போகணும்னீங்க. இப்ப என்ன பெரியவரே?"

"இருக்கட்டும்ப்பா. எத்தனை வருஷம் வேணும்னாலும் இருக்கட்டும். எங்கப்பாவும் இருப்பாரு."

"குண்டு பறக்குமே!"

"குண்டு அந்தப் பக்கச் சரிவுலதானே விழுது? எங்கப்பா இந்தப் பக்கம். அவரு யார் வழிக்கும் போகமாட்டாரு."

கேப்டன் தாடையைச் சொறிந்தார். அப்புறம், சரி, இருக்கட்டும், சுடாத நாளாகப் பார்த்து வந்து கும்பிட்டுக்கொள்ளுங்கள் என்று கையைக் கொடுத்தார். பெரிய மனுஷன். நானும் விட்டுக்கொடுக்க வேண்டும் இல்லையா, பந்தலில் பாதியைப் பிரித்து அவர் குச்சிகளைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆகவே இத்துடன் வைத்திருக்கும் காகிதத்தில் நீ கையெழுத்துப் போடாதே. நம் சண்டையைப் பட்டாளமே தீர்த்துவிட்டது. உன் இஸ்திரிப்பெட்டி ஆறாமல் இருக்கட்டும், உன் முதலாளி மூக்கில் கோபம் ஏறாமல் இருக்கட்டும், அடுத்த வருஷமாவது ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து சேர். முன்னோர் எல்லோரும், முக்கியமாகக் கம்பத்தடியில் இருப்பவர், உன்னைக் காக்கட்டும்.

உன் மூத்தவன்,
யுன் ஹிங்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது, கல்லறைக்கு மண் பார்த்து யோகம் சொல்லும் புன் வாத்தியார் வந்தார். பெருமையாக மலைக்குக் கூட்டிப்போய், நான் நின்ற இடத்திலேயே அவரையும் நிறுத்தி, இடப்பக்கம் கம்பத்தைக் காட்டினேன். "யாரோட இடது?" என்றார். என்னோட இடதுதான் என்றேன். "செத்தது நீயாய்யா? உங்கப்பன் உக்காந்த இடத்துல உக்காந்து வெளியே பாரு!" என்று என்னைச் சாடிக்குப் பக்கத்தில் அழுத்தி உட்கார வைத்தார். பார்த்தேன். கம்பம் வலப்பக்கம். பிரிட்டிஷ் சாம்ராஜ்யமே திரண்டு வந்து உன் சலவைக்கடைக்குக் கம்பம் நட்டிருக்கிறது! கேப்டனிடம் ஓடி, கம்பத்தைச் சாடிக்கு அந்தப் பக்கம் மாற்றி நடுங்கள் என்று கெஞ்சினேன். கம்பம் மாறாது, வேண்டுமானால் அப்பாவை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அதையாவது செய்வோம் என்று மறுநாள் விடிந்ததும் மூச்சிரைக்க ஏறினால், சாடியைக் காணோம். அது இருந்த இடத்தில் வட்டமாகக் காய்ந்த மண் மட்டும்.

அலறிக்கொண்டு இறங்கி வந்தேன். உன் அண்ணி தோட்டத்துக் கோடியில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். ராத்திரியோடு ராத்திரியாகக் காவல் சிப்பாய்களிடம் சைகை காட்டி வேலிக்குள் போய், குழந்தையைக் கட்டுகிற துணியில் அப்பாவை முதுகில் கட்டிச் சுமந்து வந்து, லிச்சி மரத்தடியில் அடங்கியிருக்கும் அம்மாவுக்குப் பக்கத்தில் அமர்த்தி, மண்ணையும் போட்டு மூடிவிட்டாள். அம்மாவை எங்கே வைப்பது என்று நாம் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை தம்பி. அவளால் நமக்கு யோகம் வரும் என்று நம் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. அப்பாதான் மலையை விட்டு இறங்கிவிட்டாரே, இப்போது வேறு வழியில்லை, அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு.

"யாரைக் கேட்டுடி செஞ்சே? இது எந்தப் புள்ளைக்கு யோகம்?" என்று கத்தினேன்.

"உங்கம்மாவுக்கு" என்றாள்.

இதற்குப் பதில் உனக்குத் தெரிந்தால் எழுது.