அதிகபட்சம் நான்கு பேர்

ஜீப் வாசலுக்கு வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கதவுக்கு உள்ளே தேடினார், வெளியே தேடினார். எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று எங்கேயும் எழுதி ஒட்டவில்லை.

"நாலு பேர் உட்கார இடம் இருக்கு, நாம நாலு பேர் இருக்கோம். இதுல எழுதி ஒட்ட என்ன இருக்கு?" என்றாள் மனைவி.

ஜீப்பை இரவல் கொடுத்தவர் மெக்கானிக்கின் நண்பர், மாட்டு டாக்டர். பதினைந்து வருடமாக அந்த வண்டியில்தான் மலைக்குப் போய்க் கன்றுக்குட்டிகளுக்கு ஊசி போடுகிறார். அது ஏறாத மேடு கிடையாது என்று சத்தியம் செய்துதான் சாவியைக் கொடுத்தார். ஆனால் வாய் வார்த்தையை நம்பி ஆட்களை ஏற்றுவது மெக்கானிக்கின் தொழிலில் கிடையாது.

அதோடு, இந்தப் பயணம் சாதாரணப் பயணமும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து பன்னிரண்டு வருடமாகத் தள்ளிப்போய்க்கொண்டிருப்பது. மூன்று தடவை மூட்டை கட்டினார்கள். மூன்று தடவையும் கிளம்புகிற நேரம் பார்த்து ஊரில் யாராவது ஒரு புண்ணியவான் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். இந்தத் தடவை சனி, ஞாயிறு இரண்டு நாளும் தான் பார்த்துக்கொள்வதாகக் கூட வேலை செய்பவர் ஒப்புக்கொண்டிருந்தார்.

மனைவியும் தெளிவாகச் சொல்லிவிட்டாள். நாலு பேரும் ஒரே வண்டியில், ஜன்னலைத் திறந்து போட்டுக்கொண்டு, வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டு காட்டுக்குள்ளே போக வேண்டும். ஒரு ராத்திரி ஆற்றங்கரையில் கூடாரம் போட்டுத் தூங்க வேண்டும். "இந்தத் தடவையும் நடக்கலைன்னா, மலைங்கிற பேச்சையே என்கிட்ட எடுக்காதீங்க."

வீடு அமர்க்களப்பட்டது. மச்சினன் பெரிய தாளில் வழியை வரைந்து ஃப்ரிட்ஜில் ஒட்டினான். சாலையில் ஆறு குறுக்கிடும் மூன்று இடங்களும் நீலம், மூங்கில் காடு பச்சை, யானை குறுக்கே வரும் இடம் சிவப்பு. ஒன்பது வயது மகள் பைனாகுலரை எதிர்வீட்டின் மேல் சோதித்துப் பார்த்ததில், எதிர்வீட்டார் இரண்டு நாளாக ஜன்னலைத் திறக்கவில்லை. மனைவியின் சாமான் பட்டியல் நாலு பக்கத்தைத் தாண்டியது. மெக்கானிக்கே குளிக்கும்போது பாட ஆரம்பித்திருந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் சோதனையை முறைப்படி நடத்தினார். புது லிஃப்டில் முதலில் ஆள் ஏறுவதில்லை, இரும்பு ஏறும். பட்டறையிலிருந்து இருபது கிலோ கட்டிகளைக் கொண்டுவந்து, ஜீப்பின் பின்பக்கப் பெஞ்சுகளுக்கு அடியில் இருந்த பெட்டிகளில் அடுக்கினார். மனைவியிடம் எடை கேட்டார். அவள் ஐம்பது என்றாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் மூன்று கட்டிகளை வைத்தார். மச்சினனுக்கு நாலு, மகளுக்கு இரண்டு. மகள் சாக்பீஸால் ஒவ்வொன்றிலும் யார் என்று எழுதிக்கொண்டே வந்தாள். கணக்குக்கு மேல் கால்வாசி கூடுதலாக வைப்பது தொழில் வழக்கம். கடைசி இரண்டு கட்டிகளும் யாருக்கு என்று அவள் கேட்டபோது சும்மா என்றார், அவளும் அப்படியே எழுதினாள்.

குலுங்காமலிருக்கப் பெட்டிகளைப் பூட்டிவிட்டுத் தெருவை நாலு சுற்றுச் சுற்றினார். ஒரு நட்டுகூட அசையவில்லை. 'அதிகபட்சம் நான்கு பேர்' என்று தன் கையாலேயே எழுதி, கண்ணாடியில் ஒட்டி, அதன் மூலையை நீவிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. ஆஸ்பத்திரி லிஃப்டில் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் ஆபரேஷன் செய்ய வேண்டிய டாக்டர் தொங்கிக்கொண்டிருந்தார். மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

டாக்டரை இறக்கிவிட்டு அவர் திரும்பி வந்தபோது, மச்சினன் ஜீப்பின் கூரை வரைக்கும் சாமானை ஏற்றிக் கயிறு கட்டி முடித்திருந்தான். முடிச்சை அவிழ்த்தால் திரும்பக் கட்டுவது தன் வேலையில்லை என்றும் சொல்லிவிட்டான்.

வெள்ளிக்கிழமை வெள்ளோட்டம். ஊருக்கு நடுவிலிருந்த மேம்பாலத்தில் நாலு பேரும் உற்சாகமாகப் பாடிக்கொண்டே ஏறினார்கள். பாதிப் பாலத்தில் ஜீப் இருமியது, முக்கியது, நின்றுவிட்டது. பின்னால் ஊரே ஹாரன் அடித்தது.

மெக்கானிக் பதறவில்லை. லிஃப்டில் பாரம் அதிகமாகி மணி அடித்தால், அதற்கென்று ஒரு நியாயம் இருக்கிறது.

"கடைசியா ஏறினது எதுவோ, அது முதல்ல இறங்கணும்."

கடைசியாக ஏறியது மனைவியின் குக்கரும் மடக்கு மேஜையும். வீட்டுக்கு வந்து இறக்கிவிட்டுத் திரும்பப் பாலத்துக்குப் போனார்கள். ஜீப் அதே இடத்தில் நின்றது. பக்கத்துத் தெரு ஒர்க்‌ஷாப்காரர் எஞ்சினில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, எஞ்சின் கல்லு மாதிரி இருக்கிறது, பாரம்தான் ஜாஸ்தி என்றார். அதற்கப்புறம் கேரம் போர்டு இறங்கியது. தண்ணீர் கேன்கள் இறங்கின, ஆறுதான் இருக்கிறதே என்று. மெத்தைகள் இறங்கின. நாலு பக்கப் பட்டியல் அரைப் பக்கமாகச் சுருங்கிய பிறகு ஜீப் முனகிக்கொண்டே பாலத்தைத் தாண்டியது. நாலு பேரும் கை தட்டினார்கள்.

சனிக்கிழமை விடியும்போது கிளம்பினார்கள். சமவெளியில் இரண்டு மணி நேரம் சொர்க்கம்தான். தூரத்தில் மலை நீலமாகத் தெரிந்தது, பிறகு பச்சையானது, பிறகு மரம் மரமாகப் பிரிந்தது. மனைவி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி மூடுபனியைப் பிடிக்கப் பார்த்தாள். பன்னிரண்டு வருடம் காத்திருந்ததற்கு இது போதும் என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது.

முதல் கொண்டை ஊசி வளைவில் ஜீப் நின்றது. பிறகு மெதுவாகப் பின்னால் உருள ஆரம்பித்தது.

காலையில் கடைசியாக ஏறியவன் மச்சினன். வாசல் கதவைப் பூட்டிவிட்டு ஓடிவந்து தொற்றிக்கொண்டவன். நியாயப்படி அவன் இறங்கினான். பின்னால் வந்த பஸ்ஸில் அவனையும் அடுப்பையும் ஏற்றிவிட்டார்கள்.

"செக்போஸ்ட்ல பார்க்கலாம் அத்தான். நீங்க வர்றதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டுடுவேன்" என்று பஸ் ஜன்னலிலிருந்து கத்தினான்.

மூன்றாவது வளைவில் ஜீப் மறுபடியும் நின்றது. அடுத்த பஸ்ஸுக்காக எல்லாரும் ஓரமாக இறங்கினார்கள். மனைவி கூடாரத்தை ஒரு கையிலும் மகளை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாலு பேரும் ஒரே வண்டியிலன்னு சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

மெக்கானிக் கண்ணாடியில் ஒட்டியிருந்ததைப் பார்த்தார். அதிகபட்சம் நான்கு பேர் என்று அவர் கையெழுத்தே அவரைக் கேலி செய்தது. பஸ் புறப்பட்டது. மகள் பைனாகுலரைத் திருப்பிப் பிடித்து, அப்பா குட்டியூண்டாகிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வண்டியில் அவரும் ஸ்டீரிங்கும்தான். அப்படியும் ஜீப் நடை வேகத்தைத் தாண்டவில்லை. விறகுக் கட்டோடு நடந்து போன ஒருவர் அவரைத் தாண்டிப் போய், மனசு கேட்காமல் திரும்பி வந்து, தள்ளிவிடட்டுமா என்று விசாரித்தார்.

வனத்துறை செக்போஸ்டை அவர் அடைந்தபோது மூன்று பேரும் மூட்டை முடிச்சோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மச்சினன் சொன்னபடியே ஒரு தூக்கம் போட்டு எழுந்திருந்தான். தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் காடு ஆரம்பித்தது. ஆற்றுச் சத்தம்கூடக் கேட்டது.

காவலர் நோட்டை நீட்டினார். வண்டியில் வந்தவர்கள் எத்தனை பேர் என்ற கட்டத்தில் மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டு 'ஒருவர்' என்று எழுதினார். பூட்டிய பெட்டி எதுவானாலும் திறந்து பார்த்துத்தான் காட்டுக்குள் விடுவார்களாம். சாவிக்கொத்தைக் காவலரிடம் கொடுத்துவிட்டு அவர் மனைவியிடம் ஓடினார்.

ஊருக்குத் திரும்பியதும் மாட்டு டாக்டரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவதாகச் சொன்னார். பதினைந்து வருடமாக ஒரு கன்றுக்குட்டிகூட இந்த வண்டியில் மலை ஏறியிருக்காது என்றார். தன் சோதனையில் மட்டும் ஒரு தப்பும் கிடையாது என்று அவர் சத்தியம் செய்துகொண்டிருந்தபோது, பின்னால் பெட்டி மூடிகள் கிறீச்சிட்டன.

காவலர் பெட்டிக்குள் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்து நோட்டைப் பார்த்தார். மறுபடியும் குனிந்து, வாய்க்குள் எண்ணினார்.

"சார், வண்டியில ஒருத்தர்னு எழுதியிருக்கீங்க. உள்ள அம்மா மூணு, மாமா நாலு, பாப்பா ரெண்டு உட்கார்ந்திருக்கு. இதுல, சும்மான்னு வேற ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்களே, சார்?"