ஸ்ட்ரோப்புக்குப் போட்ட மொட்டை

பிள்ளைகளா, உங்கள் அம்மாவைப் பெண் பார்க்கப் போன அன்று எடுத்த போட்டோவில் அப்பா ஏன் மொட்டையாக, மீசையும் இல்லாமல் முழிக்கிறேன் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்களே, அதற்குக் காரணம் லீக் அண்ணாச்சி.

உலகத்திலேயே தண்ணீருக்கு அதிகம் பயந்த மனிதர் அவர்தான். சீசனுக்குக் குற்றாலத்தில் ஊரே நனைய வரும். அண்ணாச்சி மட்டும் சாரலுக்கு ரெயின்கோட்டும், அதற்கு மேல் குடையும் பிடித்து நிற்பார். டீ கிளாஸைக்கூடத் தூக்கி அடியில் ஒழுகுகிறதா, லீக் ஆகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்; 'லீக்' என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். அப்படிப்பட்டவர்தான் தென்காசியில் முதன்முதலாகத் தண்ணீருக்குள் கல்யாண போட்டோ எடுக்கப் புறப்பட்டார். நான் அவர் ஸ்டூடியோவில் உதவியாள்.

கேமராவுக்குத் தண்ணீர் புகாத பெட்டி வந்தது. கூடவே ஸ்ட்ரோப்பும் வந்தது. பெட்டிக்கு வெளியே, நண்டுக் கை மாதிரி நீளும் கையில் மாட்டுகிற தனி ஃபிளாஷ் அது. அதற்குள் பேட்டரி போட்டு மூடுவது என் வேலை. மூடியில் தண்ணீரைத் தடுக்க வாசர் என்று ஒரு ரப்பர் வளையம் உண்டு. அதில் ஒரு முடி ஒட்டியிருந்தால் போதும், தண்ணீர் உள்ளே இறங்கிவிடும்.

"ஏலே, மூடிய மூடுனியா?"

"மூடிட்டேன் அண்ணாச்சி."

"மூடுன பொறவு பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்தது சரியாத்தான் பாத்தியா?"

இப்படி ஏழு தடவை. சனிக்கிழமை புளியங்குடியில் ஒரு எலுமிச்சைத் தோட்டத்துக் கிணற்றில் படம் எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கடைக்குள் வந்த அண்ணாச்சியைப் பார்த்து நான் நடுங்கிப்போனேன். தலையும் மீசையும் மழுமழுவென்று இருந்தன.

"நீயும் போய் எடுத்துட்டு வா. முடி இருந்தாத்தானல விழும்?"

"அண்ணாச்சி, ஞாயித்துக்கிழம பொண்ணு பாக்கப் போறேன்!"

"பொண்ணு எங்கல போவுது? ஸ்ட்ரோப் போனா வருமா?"

"மீசையுமா?"

"மீச என்ன பிளாஸ்டிக்கா?"

நனைந்தால் என் முடிதான் என்று பழி வருமே என்ற பயத்தில் தலையைக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது என் புருவத்தையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார். நல்லவேளை, அதோடு விட்டுவிட்டார்.

மறுநாள் கிணற்றில், இடுப்புக்கயிற்றை மோட்டார் ரூம் தூணில் கட்டிக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் அண்ணாச்சி படியில் நின்றார். முதல் படத்தில் மாப்பிள்ளை முகமெல்லாம் வெள்ளைப் புள்ளி.

"என்ன அண்ணாச்சி, ரவையக் கொட்டுன மாதிரி இருக்கு?" என்றார் மாப்பிள்ளை.

தண்ணீரில் மிதக்கிற தூசியில் வெளிச்சம் பட்டால் அப்படித்தான் ஆகும். ஸ்ட்ரோப்பின் கையை நன்றாகப் பக்கவாட்டில் விரித்து வைத்த பிறகு படம் கண்ணாடி மாதிரி விழுந்தது. உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, அண்ணாச்சியோடு பெண் பார்க்கக் கிளம்பினேன். ஆய்க்குடியில் வாசல் திண்ணையிலேயே உங்கள் தாத்தா மறித்துவிட்டார். போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆளுக்கு முன்னால் மீசை வரும்.

"துட்டி வீட்டுக்காரங்க நல்ல காரியத்துக்கு வரலாமா? யாரு தவறுனது?"

"யாரும் தவறல. இது ஸ்ட்ரோப்புக்காக..." என்றேன்.

"அது எந்த வகையில சொந்தம்?"

என் அப்பாவும் அம்மாவும் முழுசாக முன்னால் நின்றும், இது சாவுக்குப் போட்ட மொட்டை இல்லை என்று அவர் நம்பவில்லை. உள்ளே எங்களுக்காக வைத்திருந்த தாம்பூலத் தட்டை யாரோ எடுத்துப் போனார்கள். அப்போதுதான், கூட வந்திருந்த அண்ணாச்சி கையில் இருந்த பையைப் பிரித்தார். ஸ்ட்ரோப்பை வீட்டில் தனியாக விட்டுவிட்டு அவர் எங்கும் போவதில்லை.

"அண்ணாச்சி, ஒரு அண்டா தண்ணி கொண்டுவரச் சொல்லுங்க" என்று உங்கள் தாத்தாவிடம் கேட்டார்.

மூடியைக் கழற்றி வாசரைக் காட்டினார். "இந்தா, இதுல ஒத்த முடி விழுந்தாப் போச்சு. அதுக்காக நான்தான் இவன மொட்ட போட வச்சேன். தப்பு என் மேல."

வீடே குனிந்து பார்த்தது. தாத்தாவின் மீசை, பெண்களின் கூந்தல், மேலே சுழலும் ஃபேன் எல்லாவற்றுக்கும் நடுவே வாசர் திறந்து கிடந்தது. அண்ணாச்சி மூடியை மூடினார். பார்க்கவில்லை. ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அப்படியே அண்டாவுக்குள் இறக்கிப் பொத்தானை அமுக்கினார்.

வீடு முழுக்கப் பளீரென்றது. கதவுக்குப் பின்னால் இருந்து, "எம்மா! தண்ணிக்குள்ள மின்னுது!" என்று ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள். அதுதான் உங்கள் அம்மா.

"உள்ள வாங்க மாப்பிள்ள" என்றார் தாத்தா.

அண்டாவில் மூடியருகே பொடிப்பொடியாகக் குமிழி ஏறியது. நானும் அண்ணாச்சியும் மட்டும்தான் பார்த்தோம்.

"அண்ணாச்சி..."

"சும்மா இருல. கேசரி ஆறுது, தின்னு."

அந்த ஸ்ட்ரோப் பிறகு எரியவே இல்லை. அண்ணாச்சி இன்றுவரை என்னிடம் அதைச் சொல்லிக்காட்டியதும் இல்லை.

அன்று சாயங்காலம் அவர் டீ குடிக்கப் போயிருந்தார். ஸ்டூடியோவில் நான் தனியாக உட்கார்ந்து மூடியைத் திறந்து தண்ணீரைக் கொட்டினேன். வாசரில் ஒரு முடி ஒட்டியிருந்தது தெரிந்தது. குட்டையா, நீளமா, யாருடையது என்று பார்த்துவிடக் கூடாதென்று, கண்ணை மூடிக்கொண்டு துடைத்தேன்.