அறுநூற்றுத் தொண்ணூறு யூனிட்

அத்-பாஷி,
பிப்ரவரி 24, பகல் ஒன்றரை மணி

மிகுந்த மதிப்புக்குரிய ஏர்மெக் மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்காள் மகள் சைகால் பணிவுடன் எழுதிக்கொள்வது. நீங்களும் அத்தையும் குழந்தைகளும், பிஷ்கெக் சந்தையில் உங்கள் கடையும் நலமென்று நம்புகிறேன். இங்கு அப்பா, அம்மா, தம்பிகள் இருவர், பசுக்கள் இரண்டு, செம்மறிகள் இருபத்து மூன்று, இந்தக் குளிர்காலத்தில் பிறந்த குட்டிகள் எட்டு, எல்லோரும் நலம். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு. அம்மா அனுப்பும் குதிரை இறைச்சிப் பையோடு இந்தக் கடிதமும் நாளைக் காலை வேன் ஓட்டுநரிடம் வரும். தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் கணக்கை வாயால் சொன்னால் நீங்கள் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவீர்கள். தாளில் இருந்தால் சரிபார்க்க முடியும்.

செய்தி இதுதான்: போன இலையுதிர் காலத்தில் நீங்கள் எனக்குப் பரிசளித்த ஹீட்டர் குற்றமற்றது என்று இன்று நிரூபணமாகிவிட்டது. நிரூபித்தது நான்.

தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். ஜனவரி பில்லில் 861 யூனிட் என்று வந்தது. எழுநூறைத் தாண்டினால் மிச்ச யூனிட்டுகளுக்கு விலை அதிகம் என்று உங்களுக்குத் தெரியும். அப்பா பில்லை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நேராக என் சின்ன அறைக்கு வந்து, ஹீட்டரை ஏதோ திருடனைப் பிடித்ததுபோல் பார்த்தார். "உன் மாமன் குடுத்த பரிசு என்ன தின்னுதுன்னு பாத்தியா? அக்கா பிள்ள மாமன் வீட்டுக்கு வந்து கேட்டதையெல்லாம் எடுத்துட்டுப் போறதுக்கு, ஏழு ஓநாய் வந்தாத் தேவலன்னு பழமொழி சொல்லுவாங்க. இங்க மாமன் வராமயே ஓநாயை அனுப்பிட்டான்" என்றார். அம்மா சமையலறையிலிருந்து, "என் தம்பியப் பேசாதீங்க, பேசினா ராத்திரி இறைச்சியில உப்பு கூடிடும்" என்றாள். ஹீட்டரைக் கழற்றி ஆட்டுக் கொட்டகைக்கு, குட்டிகளுக்கு வைத்துவிடுவதாக அப்பா முடிவு சொன்னார். ஹீட்டர் போனால் சின்ன அறையில் தண்ணீர்க் குவளையே உறைந்துவிடும்; நான் தம்பிகளோடு சமையலறையில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். அங்கே போன வருடம் என் வேதியியல் நோட்டில் அவர்கள் ஜாம் தடவியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எனவே நான் ஒரு நாள் அவகாசம் கேட்டேன். "டீச்சரம்மா கேக்கறாங்க, குடுத்துடுவோம்" என்று அப்பா சிரித்தார்.

பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் சொன்ன முறைதான் மாமா, மிகவும் எளிது. ஆயிரம் வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். எங்கள் மீட்டர் தெருக் கம்பத்துப் பெட்டியில் இருக்கிறது. அதில் ஒரு சிவப்பு விளக்கு ஆயிரம் முறை சிமிட்டினால் ஒரு யூனிட். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போடச் சொல்லி, நான் கம்பத்தடியில் கடிகாரத்தோடு நின்று சிமிட்டல்களை எண்ணினேன். தம்பிகள் ஜன்னல் வழியே "கெட்டில்!" "டி.வி.!" என்று கத்துவார்கள், டி.வி. போட்டதும் கத்துவதை மறந்துவிடுவார்கள். பக்கத்து வீட்டுத் தோக்தோசுன் அண்ணன் குதிரைக்குப் புல் கொண்டுபோகும்போது, "என்னம்மா, கம்பத்துக்குப் பாடம் சொல்லிக் குடுக்கறியா? பாஸாகுமா?" என்று கேட்டார். நான் எண்ணிக்கை தப்பிவிடும் என்று பதில் சொல்லவில்லை. அதை அவர் மரியாதைக் குறைவு என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். ஹீட்டர் 1500 வாட்தான், ஆனால் அறை சூடானதும் தானே அணைந்துவிடுகிறது. ஆக ஒரு நாளைக்கு மூன்று யூனிட், மாதத்துக்குத் தொண்ணூறு. அதை வைத்து 861 வரவே வராது. கிணற்றுக் குழியில் குழாய் உறையாமலிருக்க இரவும் பகலும் எரியும் பல்பே 144 தின்கிறது, நம்புவீர்களா? ஆனாலும் இன்னும் 240 யூனிட் எங்கே போகிறது என்று தெரியவில்லை.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு, எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுத்தான் கம்பத்துக்குப் போனேன். விளக்கு நிமிடத்துக்குப் பதினேழு தடவை சிமிட்டிக்கொண்டிருந்தது. முற்றத்தில் ஒரு ஒயர் பனிக்கடியில் போவதைப் பார்த்துப் பின்தொடர்ந்தேன். அது அப்பாவின் காருக்கு அடியில் போய் முடிந்தது. அங்கே, எஞ்சின் எண்ணெய் உறையாமலிருக்க, ஒரு மின் அடுப்பு சிவக்கச் சிவக்க எரிந்துகொண்டிருந்தது. தினமும் எட்டு மணி நேரம், எட்டு யூனிட்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் நிஜமாகவே அதிர்ச்சியடைந்தார். "கார் எப்படிம்மா கரண்ட் திங்கும்? அது பெட்ரோல்தான திங்குது!" அம்மா மாவு பிசைந்த கையோடு சுவரில் சாய்ந்து சிரித்தாள். "ஏங்க, பிள்ளைங்க போர்வைக்குள்ள நடுங்குது, உங்க கார் அடுப்பு மேல படுத்திருக்கு. அதுக்கு ராத்திரி டீயும் குடுக்கறீங்களா?" அப்பா வெளியே போய் அந்த அடுப்பைப் பிடுங்கிவிட்டு வந்தார். பிறகு எங்களுக்குள் ஒப்பந்தம் ஆனது. கார் அடுப்பு கிளம்புவதற்கு முன் இரண்டு மணி நேரம் மட்டும். நான் மாத பில்லை முன்கூட்டியே எழுதி அலமாரிக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். பில் எழுநூறுக்குள் வந்தால் ஹீட்டர் என் அறையில், தாண்டினால் குட்டிகளுக்கு.

கார் அடுப்பில் மிச்சமாகும் 180-ஐ 861-இல் கழித்தால் 681. விருந்தாளிகளுக்கு ஒன்பது சேர்த்து 690 என்று எழுதி ஒட்டினேன். நம் ஊரில் விருந்தாளியைச் சேர்க்காமல் மின்சாரக் கணக்குப் போடுவது கணக்கே இல்லை. ஆனால் ஒன்பது போதவில்லை மாமா. அப்பாவோடு ராணுவத்தில் இருந்த ஆறு பேர் "டீ குடிச்சிட்டுப் போயிடறோம்" என்று வந்து இரண்டு நாள் தங்கினார்கள். கெட்டில் ஓய்வே எடுக்கவில்லை. பாய்லரையாவது அணைக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன், "விருந்தாளி கை கழுவப் பச்சத் தண்ணியா? என் முகத்த எங்க வச்சிக்கறது?" என்றாள். முப்பத்தொரு யூனிட். அதை ஈடுகட்ட நான் ஒரு வாரம் ஹீட்டரைத் தொடவேயில்லை. கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு படித்தேன். கையுறையோடு பக்கம் புரட்ட மூக்கைப் பயன்படுத்தலாம் என்று கண்டுபிடித்தேன்.

இன்று பில் மாதத்தின் கடைசி நாள். மூன்று மணிக்கு மீட்டர் அளவு குறிக்கும் அக்கா வருவார். பகல் ஒரு மணிக்குப் போய்ப் பார்த்தேன்: போன பில்லுக்குப் பிறகு 688. இரண்டு மணி நேரத்துக்கு இரண்டு யூனிட். சரியாக 690! அப்பாவைக் கம்பத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். இந்தக் குளிரில் அவர் தொப்பி கழற்றி நான் பார்த்ததே இல்லை. "எழுநூறுக்கு இன்னும் பன்னெண்டு மிச்சம்! என் மக மாசத்த முன்னாடியே படிச்சிட்டா!" என்று தெருவே கேட்கக் கத்தினார்.

ஆகவே மாமா, உங்கள் பரிசின் மானம் காப்பாற்றப்பட்டது. உங்கள் கடை பில்லையும் அனுப்புங்கள், மதிப்பிட்டுத் தருகிறேன். அத்தைக்கு அம்மாவின் அன்பு. உங்கள் கூரை கதகதப்பாகவும், உங்கள் வீட்டு வாசல் விருந்தாளிகளால் நிறைந்தும் இருக்கட்டும் (அவர்களுக்கு ஒன்பதுக்கு மேல் சேர்த்துக்கொள்ளுங்கள்).

பெருமையுடன்,
சைகால்

பின்குறிப்பு, மாலை ஐந்தரை: மாமா, மேலே உள்ளதைத் தயவுசெய்து நம்ப வேண்டாம். உறையை ஒட்டும்போது 'ஜ்ஜ்ஜ்' என்று சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் தோக்தோசுன் அண்ணன் எங்கள் ஒயரில் தன் இரும்புக் கேட்டை வெல்டிங் செய்துகொண்டிருந்தார். "உங்கப்பாதாம்மா சொன்னாரு, 'பன்னெண்டு யூனிட் மிச்சம் இருக்கு, பக்கத்து வீட்டுக்குக் குடுக்காம நாம என்ன மனுசங்க, எடுத்துக்கடா'ன்னு" என்றார். நான் மீட்டர் அக்காவையாவது சீக்கிரம் எழுதவைக்கலாம் என்று ஓடினேன். அதற்குள் அப்பா அவரை வீட்டுக்குள் இழுத்துவிட்டிருந்தார். ரொட்டியைத் தொடாமல் வாசலைத் தாண்டக்கூடாது என்று மேசையில் உட்காரவைத்து, மின் அடுப்பில் இறைச்சி போட்டு, என் மதிப்பீட்டின் கதையைக் கம்பத்திலிருந்து தொடங்கியிருந்தார். ஒன்றரை மணி நேரம் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார், அக்கா இரண்டு இடத்தில் கண் துடைத்துக்கொண்டார். வெளியே வந்து பார்த்தபோது மீட்டரில் 706.

ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். ஹீட்டர் ஆட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டது. அதன் பின்னாலேயே நானும் நாற்காலியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இதை இங்கிருந்துதான் எழுதுகிறேன். குட்டிகள் தம்பிகளைவிட அமைதி. அப்பா இப்போதும் வாசலில் நின்று போகிறவர் வருகிறவரிடம், "பதினாறுதான் தப்பு, அதுவும் நான் பண்ணது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். மார்ச் மதிப்பீட்டில் அவருக்கென்று இருபது யூனிட் தனியாகச் சேர்த்திருக்கிறேன்.