கொஞ்சம் நெற்றியைச் சுருக்குங்கள்

மருத்துவக் கல்லூரியின் வாசலைக்கூட மிதிக்காமல் மருத்துவரானவர்களில் பல ரகம் உண்டு. தலைவலி என்றதும் சட்டைப்பையிலிருந்து மாத்திரை நீட்டுபவர், வயிற்றைப் பார்த்தே ஆயுளைச் சொல்பவர் எல்லாம் சில்லறை வியாபாரிகள். மொத்த வியாபாரி வேறு. அவர் நேராக நரம்பில்தான் கை வைப்பார். உங்கள் அலுவலகத்தில் அப்படி ஒருவரும் இல்லையா? அப்படியானால் இன்னும் உங்கள் கையிலிருந்து பேனா நழுவி விழவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வரைபட அலுவலகத்தில் அவர்தான் தலைமை வரைவாளர். முதுகுக்குப் பின்னால் ‘நரம்பு சார்’. ஒருவருக்குக் கண்ணிமை துடித்தால், ஒருவர் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டு மரத்துப் போச்சே என்று உதறினால், ஒருவர் பேச்சின் நடுவே சொந்த மைத்துனரின் பெயர் கிடைக்காமல் விழித்தால், ஒருவர் படிக்கட்டில் அரை நொடி தயங்கிக் கைப்பிடியைத் தொட்டால், இவர் முகத்தில் பொழுது விடியும். அளவுகோலோடு வருவார். முழங்காலில் தட்டுவார். கால் துள்ளினால் ‘அதிகம்’. துள்ளாவிட்டால் ‘போச்சு’.

காலையில் வருகைப் பதிவேட்டில் நாங்கள் கையெழுத்துப் போட்டு நகர்ந்ததும் பூதக்கண்ணாடி வெளியே வரும். போன மாதக் கையெழுத்தோடு ஒப்பிடுவார். எழுத்து சிறுத்திருந்தால் அது நடுக்குவாதம் அனுப்பிய முதல் தந்தி.

“சின்னதா இருக்கே. வாசனையெல்லாம் தெரியுதா? நடக்கும்போது இடது கை வீசுதா?”

“வீசல சார். அந்தக் கையில சாப்பாட்டுப் பை இருக்கு.”

“ஆரம்பத்துல எல்லாரும் இப்படி ஒரு காரணம் சொல்லுவாங்க.”

தட்டச்சு செய்யும் அக்கா ஒருநாள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இடி விழுந்த மாதிரி திடீர்னு வந்துச்சா, மெதுவா ஏறுச்சா?”

“நீங்க வந்தப்புறம் வந்துச்சு சார்.”

சிரித்தோம். அவரும் சிரித்தார், அக்காவின் கண்மணி இரண்டும் ஒரே அளவா என்று பார்த்துக்கொண்டே.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் சொல்லும் பாடம் எதுவும் தப்பில்லை. எல்லாவற்றையும் படித்திருந்தார். எங்களைத்தான் படிக்கவில்லை.

எங்களோடு வேலை பார்த்தவர் நதி அண்ணன். வரைபடத்தில் ஆறுகளை இழுப்பது அவர் வேலை. மலையில் மயிரிழையாகப் பிறந்து கடலுக்குப் போகப் போகத் தடிக்கும் நீலக்கோடு. அதை அளவுகோல் வைத்து வரைய முடியாது. மணிக்கட்டுதான் வரைய வேண்டும். அந்த மணிக்கட்டை நம்பித்தான் அலுவலகமும் அவர் வீடும் ஓடின.

ஒரு செவ்வாய்க்கிழமை, மணி பதினொன்று. ஆறு வளைய வேண்டிய இடத்தில் வளையாமல் மலைமேல் ஏறியது. தூரிகை உருண்டு கீழே விழுந்தது. நதி அண்ணன் அதை எடுக்கக் குனியவில்லை. வலது கையை, அது யாருடையதோ என்பதுபோல், பார்த்துக்கொண்டிருந்தார்.

நரம்பு சார் பாய்ந்து வந்தார். “சிரிங்க.”

அண்ணன் சிரித்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

“எல்லாரும் இங்க வாங்க!” என்றார் நரம்பு சார். அந்தக் குரலில் பயம் இருந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். “நெத்தியைச் சுருக்குங்க. பாருங்க, ரெண்டு பக்கமும் சுருங்குது. இதுதான் சூட்சுமம். முகத்து நரம்பு மட்டும் கெட்டிருந்தா நெத்தியும் சுருங்காது. நெத்தி சுருங்கி வாய் மட்டும் கோணினா? மூளை! பக்கவாதம்! ரெண்டு கையையும் தூக்குங்க. பார்த்தீங்களா, வலது கை இறங்குது. என் பின்னாடியே சொல்லுங்க, ‘இன்னிக்கு நல்ல வெயில்.’”

அண்ணன் சொன்னது வெயில் மாதிரி இல்லை.

“இதுல முக்கியமான விஷயம் நேரம். ஒரு நிமிஷம்கூட வீணாக்கக் கூடாது. ஏன்னா...” என்று ஆரம்பித்து, ஏன் என்பதைப் பத்தொன்பது நிமிடம் விளக்கினார். பழுதான வரைபடத்தின் பின்பக்கத்தில் மூளையின் படமே போட்டுக் காட்டினார். நல்ல படம். நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். ஒருவர் சந்தேகம்கூடக் கேட்டார்.

தரை துடைக்க வந்த அம்மா வாளியைக் கீழே வைத்தார்.

“வண்டிக்குச் சொல்லியாச்சா?”

நரம்பு சார் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இரும்மா, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கணும்...”

“எங்க அப்பாவையும் இப்படித்தான் சார் உட்கார வச்சு ஆளாளுக்குப் பேசுனாங்க. ஏழு வருஷமா உட்கார்ந்தே இருக்காரு. யாராவது போனை எடுங்க!”

யாரும் எடுக்குமுன் அவரே, ஈரக் கையோடு, மேசையிலிருந்த போனை எடுத்தார். வண்டி எட்டு நிமிடத்தில் வந்தது. எட்டே நிமிடம்.

நான்கு மாதம் கழித்து நதி அண்ணன் வேலைக்குத் திரும்பினார். நடக்கிறார், பேசுகிறார். இப்போது எல்லைக்கோடு போடுகிறார், அளவுகோல் வைத்து. ஆறுகள் வேறொருவரிடம் போய்விட்டன. அந்தப் பத்தொன்பது நிமிடம் இல்லாதிருந்தால் மணிக்கட்டு திரும்பியிருக்குமா? மருத்துவர் உறுதியாகச் சொல்லவில்லை. சொல்லாததை வைத்துக்கொண்டுதான் அண்ணன் தூங்க வேண்டியிருக்கிறது.

நரம்பு சார் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார்: “நான்தான் கண்டுபிடிச்சேன்.” உண்மை. வயிற்றெரிச்சலே அதுதான். போன வாரம் அண்ணன் தோளில் தட்டிக் கேட்டார்: “எங்க, ஒரு தடவை சிரிங்க பார்ப்போம்.”

அண்ணன் சிரிக்கவில்லை. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். “நீங்க... பார்த்தீங்க சார். அந்தம்மாதான்... கூப்பிட்டாங்க.”

சரி, நீங்கள் ஏன் நெற்றியைத் தடவுகிறீர்கள்? நடுவில் ஒருமுறை சுருக்கிப் பார்த்துக்கொண்டீர்கள் அல்லவா? சுருங்கியதா? நல்லது. நிம்மதி.

இன்னும் ஒரே ஒரு சோதனை, வலிக்காது. நெற்றி, வாய், கை என்று பாடம் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தபோது, அடடா, இது தெரியாதே என்று மனத்தில் குறித்துக்கொண்டீர்களே, அப்போது வண்டிக்குச் சொல்லியாச்சா என்று ஒருமுறையாவது உங்களுக்குத் தோன்றியதா, அந்த அம்மா வாளியைக் கீழே வைப்பதற்கு முன்னால்?