உடம்படுமெய்

உயிரும் உயிரும் நேராகச் சேராது. நடுவே ஒரு 'ய்' அல்லது 'வ்' வந்து சேர்த்துவைக்கும். அதற்குப் பெயர் உடம்படுமெய். அச்சகத்தில் பிழை திருத்தும் எனக்கு இது பிழைப்பு. வீட்டில் எனக்கும் மனைவிக்கும் நடுவே அந்த உடம்படுமெய், பேசக் கற்ற நாளிலிருந்து இருபது வருஷமாக, எங்கள் மகள். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்.

"அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு."

"வரேன்னு சொல்லு."

மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. காலியான அவள் அறை எனக்கு மதியத் தூக்கத்துக்கு வேண்டும். மனைவிக்குத் தையல் மெஷின் போட வேண்டும். பஸ் நிலையத்தில் மகள் மூலமாகவே பந்தயம் கட்டினேன்: யார் முதலில் நேராகப் பேசுகிறாரோ, அவருக்கு அறை கிடையாது. அம்மாவுக்குச் சம்மதமாம். தலையில் அடித்துக்கொண்டு பஸ் ஏறினாள் மகள்.

மனைவி நாலு மணி நேரம்கூடத் தாங்கமாட்டாள் என்று நினைத்தேன். அவளோ வீட்டுக்கு வந்ததும் மகளுக்குப் பதிலாகக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"கதவே, சாப்பாடு ஆறுது."

இது செல்லுமா என்று கேட்கலாம்தான். கேட்க வாய் திறக்க வேண்டுமே.

மறுநாள் நான் கிளம்பும்போது கதவின் காதில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். ரோஷமாகப் படியிறங்கினேன். ஊரார் பிழையெல்லாம் திருத்துகிற நான் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்ததை அச்சகத்து வாட்ச்மேன்தான் திருத்தினார்.

மூன்றாம் நாள் வீடு வெறிச்சென்று இருந்தது. மகள் செருப்பு விடும் இடத்தைக் காலியாகவே வைத்து, என் செருப்பைத் தள்ளி விட்டேன். அதைச் சொல்லவும் ஆளில்லை. மாலையில் மனைவி கதவருகே வந்து நின்றாள்.

"கதவே, பாப்பா போன் பண்ணினா. அப்பாவைப் பத்தி ஏதோ சொல்லி ஒரே அழுகை. யார்கிட்டயும் சொல்லிடாதே."

"ஐயோ, என்னடி சொன்னா?"

சொன்ன பிறகுதான் அது என் குரல் என்று தெரிந்தது.

"கதவே, போன் நேத்திலேருந்தே ரிப்பேர்னு அவர்கிட்ட சொல்லிடு."

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். இருபது வருஷம் கழித்து, என் முகத்தைப் பார்த்து, நடுவில் யாரும் இல்லாமல் பேசினாள்:

"ஏங்க, மெஷினை அந்தப் பக்கம் பிடிங்க."