ஆட்சேபணை மாமாவின் ஒரே சவாரி

ஸ்ரீமுக வருஷம், ஐப்பசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. நகரசபைச் சிப்பந்திகள் இருவர் காலையில் கைவண்டி தள்ளிக்கொண்டு மயிலாப்பூர் தெற்கு மாட வீதி முனைக்கு வந்தனர். குழி தோண்டிக் கம்பம் ஒன்றை நட்டனர். அதில் ஒரு பலகையை அறைந்து, பலகையின்மேல் ஒரு நோட்டீஸை ஒட்டினர். பிறகு வந்த வழியே போயினர். முந்தின நாள் மழை பெய்திருந்தபடியால் கம்பம் சற்று மேற்கே சாய்ந்திருந்தது. நடந்தது இவ்வளவே.

ஆனால் பலகை முளைத்த அந்த இடந்தான், சென்னைப் பட்டணத்தில் சகல விஷயங்களிலும் அபிப்பிராயம் வைத்திருந்த ஒரே மனிதர் தினமும் அமரும் இடம். வைசிராய்க்குக்கூடச் சில விஷயங்களில் அபிப்பிராயம் இராது, யாரையாவது கேட்டுக்கொள்வார். எங்கள் ஆட்சேபணை மாமாவுக்கு அந்தக் குறை கிடையாது.

பெற்றோர் இட்ட பெயர் அவருக்கும் ஒன்று உண்டு. பென்ஷன் பத்திரத்தைத் தவிர வேறெங்கும் அது வழங்கவில்லை. கணக்கு இலாகாவில் உத்தியோகம் பார்த்த காலமெல்லாம் பிறர் எழுதிய குறிப்புகளின் ஓரத்தில் ‘ஆட்சேபணை உண்டு’ என்று எழுதியவர். ஓய்வு பெற்ற மறுநாள் அந்த ஓரம் பட்டணம் முழுவதற்குமாக விரிந்துவிட்டது.

அவர் முறையே தனி. பத்திரிகையில் தலைப்பை மட்டும் பார்ப்பார், உடனே மடித்துவிடுவார். அபிப்பிராயத்தைச் சொல்லி முடித்த பிறகே செய்தியைப் படிப்பார்.

“விஷயத்தைப் படிச்சுட்டு அபிப்பிராயம் சொல்றதுல என்ன சாமர்த்தியம், ஓய்? அதை எந்தக் குமாஸ்தாவும் செய்வானே!” என்பார் என்னிடம்.

நான் அப்போது கல்லூரியில் தர்க்க சாஸ்திரம் போதித்துவந்தேன். அந்த வாதம் எவ்வகைப் போலியில் சேரும் என்று அன்றிரவு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன்.

தாம்பரத்துக்கு மின்சார ரயில் விட்டபோது, “புகை இல்லாம வந்தா ரயில் வரதுன்னு எப்படித் தெரியும்? திருடன் மாதிரின்னா வரும்!” என்றார். மாம்பலத்து ஏரியைத் தூர்த்து மனை போட்டபோது, “ஏரி வெளியூர் போயிருக்கு, அவ்வளவுதான். ஒரு மழைக்காலத்துல திரும்பி வந்து, என் ஆத்துல யாரைக் குடி வெச்சேள்னு கேக்கும்” என்றார். நெல் விலை விழுந்து ஊரெல்லாம் பணமுடை என்று பேச்சானபோது, “கிண்டியில குதிரை ஓடிண்டிருக்கற மட்டும் தேசத்துல பணமில்லேன்னு எங்கிட்ட சொல்லப்படாது” என்றார். நம் தங்கம் கப்பலேறிச் சீமைக்குப் போவதை ஆட்சேபித்தார். அதைத் தடுக்க வேண்டும் என்று நான் சொன்னேன், அதையும் ஆட்சேபித்தார்.

இத்தனையும் அவர் சொன்னது ஒரு ரிக்ஷாவில் அமர்ந்து. வீதி முனையில் முனுசாமி என்ற ரிக்ஷாக்காரன் வண்டியை நிறுத்தி, சீட்டு சமமாக இருக்கும்படி ஏர்க்காலை ஒரு கல்லின்மேல் தூக்கி வைத்திருப்பான். மாமா காபி சாப்பிட்டுவிட்டு வந்து ஏறி அமர்வார். சவாரிக்கு அல்ல. மனிதனை மனிதன் இழுப்பது அநாகரிகம் என்பது அவருடைய உறுதியான அபிப்பிராயம். ரிக்ஷா ஏறி அவர் எங்கும் போனதில்லை. நிற்கிற ரிக்ஷாவில் உட்காருவதை அக்கொள்கை தடுக்கவில்லை. ஆனால் சவாரி வந்தால் இறங்கிவிட வேண்டும் என்பது இருவருக்கும் உடன்பாடு.

“எறங்கு சாமி, லஸ்ஸுக்கு ஆள் வந்துகினு கீது.”

“இருடா, இந்த ரூபாய் விவகாரத்தை முடிச்சுடறேன்.”

“அது எங்க ஓடிப்பூடப் போவுது? அந்தம்மா ஓடிப்பூடும்!”

ரிக்ஷாக்களை ஒழிக்கும்படி அவர் நகரசபைக்கு எழுதாத வருஷமே இல்லை. அவ்விண்ணப்பங்களையும் அந்த வண்டியில் அமர்ந்தே எழுதினார். மைக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன் முனுசாமி.

“இன்னா சாமி எய்தறே?”

“உன்னை இந்த வேலையிலேர்ந்து விடுவிக்கச் சொல்லி எழுதறேண்டா.”

“வுட்டுட்டாங்கன்னா நான் இன்னாத்த துன்றது?”

“அதுக்குத் தனி விண்ணப்பம். அடுத்த வாரம்.”

நகரசபை எதற்கும் பதில் எழுதியதில்லை. அந்த நம்பிக்கையின் பேரில்தான் இருவருடைய சிநேகமும் நடந்துவந்தது.

அந்தத் திங்கட்கிழமை முனுசாமி பலகையின் கீழே நின்றான். அவனுக்கு எழுத்து வாசனை இல்லை. “சாமி, இதுல இன்னா போட்டுக்கீதுன்னு படி” என்றான்.

மாமா நோட்டீஸில் ‘விண்ணப்பத்தின்மேல் உத்தரவு’ என்ற தலைப்பையும் நகரசபை முத்திரையையும் பார்த்தார். வழக்கப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அக்கிரமம்! எவனோ வேலையத்தவன் எழுதிப் போட்டிருக்கான், இவாளும் அதைக் கேட்டுண்டு ஆடறா. அப்பேர்ப்பட்டவனை ஊரைவிட்டே தள்ளி வைக்கணும்!”

தீர்ப்பு ஆனபின் படித்தார். இனி அம்முனையில் ரிக்ஷாக்கள் நிற்கலாகாது. மந்தைவெளிக்கு அப்பால் ஒரு பொட்டலில் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இவ்வீதிவாசியும் ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தருமான ஒரு கனவான் இடைவிடாது அனுப்பிய விண்ணப்பங்களை ஏற்று இவ்வேற்பாடு செய்யப்படுகிறது.

ஒன்றை அவர் இரண்டாம் முறை படித்து நான் கண்டது அன்று ஒரு நாள்தான்.

“இன்னா சாமி, பேஸ்தடிச்சாப்பல நிக்கிறே?”

மாமா முழுவதையும் அவனுக்கு வாசித்துக் காட்டினார். கனவானைப் பற்றிய பகுதியையும் விடவில்லை.

“அந்தப் பொட்டல்ல காக்காதான் சவாரி வரும். வண்டிய மொதலாளிகிட்டயே வுட்டுட்டு ஊட்டுல குந்த வேண்டியதுதான்” என்ற முனுசாமி, பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “நீதானா சாமி அந்தக் கனவான்?” என்று கேட்டான்.

“நான்தாண்டா.”

“மைக்கூட்டப் புடிச்சவன் நானு. என்னியும் சேத்துத் தள்ளி வையி.”

அன்று பிற்பகலே மாமா டிராம் ஏறி நகரசபைக்குப் போனார். ஏற்றுக்கொண்ட விண்ணப்பத்தை வாபஸ் பெற விதியில்லை என்றார்கள். எதிர் ஆட்சேபணை வேண்டுமானால் கொடுக்கலாம். இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்ப்பார். மாமா தமக்கு எதிராகத் தாமே எழுதினார். அவர் எழுதியவற்றுள் வாதத்தில் சிறந்தது அதுதான். முதல் விண்ணப்பதாரரை ‘இவ்வீதியின் தேவைகளை அறியாத ஒருவர்’ என்று அதில் குறிப்பிட்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். இளைஞர், மரியாதை தெரிந்தவர்.

“இந்த ஸ்டாண்டு அவசியம் வேணும்னு எழுதியிருக்கீங்க. நீங்க இந்த வண்டியில போனதுண்டா சார்?”

மாமா எதையும் பெரிதாக்கிச் சொல்வார், பொய் சொல்லமாட்டார். முனுசாமி மண்ணைப் பார்த்தபடி நின்றான்.

“இதுவரைக்கும் இல்லை” என்றார் மாமா. ஏறி அமர்ந்தார். “இழுடா, முனுசாமி.”

“நெசமாவா சாமி? மன்சன மன்சன் இஸ்க்கக் கூடாதுன்னுவியே?”

“அபிப்பிராயம் அப்படியேதான் இருக்கு. நான்தான் போறேன். இழு!”

நான்கு மாட வீதிகளும் வாசலுக்கு வந்துவிட்டன. மாமா இரு கைகளாலும் வண்டியின் பக்கங்களைப் பற்றிக்கொண்டு, கண்களை மூடியபடி பவனி வந்தார். ஒரு வீட்டில் கற்பூரத் தட்டோடு வந்து நின்றதாகப் பிற்பாடு பேசிக்கொண்டார்கள், நான் பார்க்கவில்லை. வடக்கு மாட வீதித் திருப்பத்தில் முனுசாமிக்கு மூச்சு வாங்கும் ஓசை கேட்டதும், மாமா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார், பக்கத்திலேயே நடக்கலானார். பின்னால் சைக்கிளை உருட்டி வந்த இன்ஸ்பெக்டர், “இறங்கிட்டீங்களே சார், இது சவாரியில சேருமா?” என்றார்.

“ஏன் சேராது? ஸ்வாமி புறப்பாட்டுல எல்லாரும் சப்பரத்து மேலயா உக்காந்திண்டிருக்கா?”

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். பலகை போயிற்று. வீதிவாசி ஒருவர் வருஷந்தோறும் எழுதிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு ஸ்டாண்டு நிலைத்தது. பலகையைப் பிடுங்கிய குழியை மூடவில்லை என்று மறுநாளே மாமா ஆட்சேபணை அனுப்பினார். அதன்பின் அவர் ரிக்ஷாவில் போகவில்லை. காலையில் வந்து அமர்வது மட்டும் தொடர்ந்தது. அந்த நேரத்தில் சவாரி கேட்டு வருகிறவர்களை முனுசாமி வேறு வண்டிக்கு அனுப்பிவிடுவான்.

சென்ற மார்கழியில் மாமா காலமானார். சில நாள் ஜுரம். டாக்டருடைய அபிப்பிராயத்தை அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

செய்யப்படாமல் நிற்பவை:

கோயில் குளத்துக் கொசுக்களைப் பற்றி அவர் பாதியில் விட்ட விண்ணப்பத்தை முடித்து அனுப்புவது.

இவ்வருஷத்து ஸ்டாண்டு அனுமதிக்கு எழுதுவது. ‘வீதிவாசி’ என்ற இடத்தில் இனி என் கையொப்பம்.

காலை வேளையிலும் சவாரி ஏற்றிக்கொள்ளலாம் என்று முனுசாமியிடம் சொல்வது. இன்றும் அதற்காகவே முனைவரை போனேன். காலியாக நின்ற வண்டியைக் காட்டி, “ஆள் கீது, அடுத்த வண்டிய பாரும்மா” என்று யாரோ ஓர் அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தான். நான் திரும்பி வந்துவிட்டேன்.